எலி கடித்த கம்பளம்: கணக்குப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சுற்றளவு, பரப்பளவு பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காமல் ஒரு சிரிப்புக் கதையில் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

நான் சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நீளமும் அகலமும் கொடுத்து ஒரு கணக்கு போட்டால், "இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். கூட்டவும் பெருக்கவும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எதை அளக்கிறோம் என்பதுதான் மனதில் பதியவில்லை. ஓரமும் பரப்பும் வேறு வேறு என்று தெரிவதற்கு முன்பே இரண்டு சூத்திரங்களைக் கையில் கொடுத்துவிட்டோம்.

அதனால் நான் இப்போது சொல்லும் கதை இது. ஒரு ராஜாவிடம் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரக் கம்பளம் ஒன்று இருந்தது. அதற்குக் காவலாக ஓர் எலியை நியமித்தார். (வகுப்பு இங்கேயே சிரிக்கத் தொடங்கிவிடும்.) தினமும் காலையில் அமைச்சர் வந்து ஓரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளப்பார். 40 மீட்டர் இருந்தால் கம்பளம் பத்திரம்.

முதல் நாள் ராத்திரி எலி ஒரு மூலையில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரமாகத் தின்றுவிட்டது. காலையில் அமைச்சர் நூல் பிடித்தார். கடித்த இடத்தில் நூல் உள்ளே போய் வளைந்து வெளியே வந்தது. அளந்தால் அதே 40! "மன்னா, ஓர் இழைகூடக் குறையவில்லை!" எலிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மறுநாள் ஓரத்தின் நடுவில் அதே அளவு தின்றது. இப்போது நூல் 44 மீட்டர். "மன்னா, கம்பளம் வளர்ந்துவிட்டது!" என்று அமைச்சர் ஓடினார். ராஜா மகிழ்ந்து எலிக்குப் பதவி உயர்வு கொடுத்தார். எலி மேலும் தின்றது. கம்பளம் சீப்பு மாதிரி ஆகிவிட்டது. நூல் மட்டும் நீண்டுகொண்டே போனது.

"பொய்! தின்றால் எப்படி வளரும்?" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் கதையே. கட்டம் போட்ட தாளைக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிவிடுவேன். அவர்களே வரைந்து, விரல் வைத்து எண்ணுவார்கள். ஓரத்தின் நடுவில் கடித்தால் 2 மீட்டர் போய் 6 மீட்டர் வருகிறது, ஆகவே 4 கூடுகிறது. மூலையில் கடித்தால் 4 போய் 4 வருகிறது. கட்டங்களோ 100, 96, 92 என்று குறைகின்றன. அமைச்சர் எதை அளந்திருக்க வேண்டும் என்று அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்பதில்லை.

நகைச்சுவை என்றதும் பாடத்தின் ஓரத்தில் ஒரு கோமாளிப் படத்தைப் போட்டுவிடாதீர்கள். கோமாளியின் கைக்குட்டைக்குப் பரப்பளவு கண்டுபிடி என்றால், கோமாளி தனி, கணக்கு தனி. பிள்ளை படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் என் முகத்தைத்தான் பார்க்கும். சிரிப்பு வரும் இடமும் குழப்பம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே சுற்றளவில் பரப்பளவு மாறுவதற்கும் ஒரு கதை வையுங்கள். அண்ணன், தம்பி இருவருக்கும் ஆளுக்கு 40 மீட்டர் கயிறு. தம்பி 10க்கு 10 என்று வளைத்து 100 சதுர மீட்டர் பெற்றான். "என் நிலம்தான் நீளம்!" என்று அண்ணன் 19க்கு 1 என்று வளைத்தான். கிடைத்தது 19 சதுர மீட்டர். உள்ளே போன எருமை திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தது.

இன்னொரு சின்ன வேண்டுகோள். முதல் எடுத்துக்காட்டாகப் பக்கம் 4 உள்ள சதுரத்தைத் தராதீர்கள். அதில் சுற்றளவும் 16, பரப்பளவும் 16. 3க்கு 6 செவ்வகத்தில் இரண்டும் 18. பக்கங்கள் முழு எண்களாக உள்ள செவ்வகங்களில் இப்படி வருபவை இந்த இரண்டுதான். குழப்பத்தோடு வரும் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியவை இவை அல்ல.

இந்தக் குழப்பம் பெரியவர்களையும் விட்டதில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மெகலோபொலிஸ் நகரின் சுற்று 50 ஸ்டேடியம் (அக்காலக் கிரேக்க நீள அளவு), ஸ்பார்ட்டா நகரின் சுற்று 48. ஆனாலும் ஸ்பார்ட்டாதான் இரு மடங்கு பெரியது என்றால் கேட்பவர்கள் நம்புவதில்லையாம். சிறு வயதில் படித்த வடிவியல் மறந்துபோனதே காரணம் என்கிறார்.

கதைக்குப் பக்கம் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒரே மாதிரியான பயிற்சிக் கணக்குகளில் சிலவற்றை எடுத்துவிட்டால் இடம் வந்துவிடும். கதைக்கு அடியில் கொஞ்சம் வெற்றிடமும் விடுங்கள். போன முறை எலிக் கதை முடிந்ததும் ஒரு பெண் கை தூக்கி, "எலி ஓரத்தையே தொடாமல் நட்டநடுவில் ஓட்டை போட்டால், ஓட்டையைச் சுற்றி இருக்கிற ஓரமும் சுற்றளவில் சேருமா?" என்று கேட்டாள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியர்