புனானை வீதியில் லொறியை நிறுத்திய நானாவுக்கு

போன செவ்வாய் இரவு வாழைச்சேனையில் மீன் ஏற்றிக்கொண்டு பேலியகொடை சந்தைக்குப் புறப்பட்டேன். 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். விடிவதற்குள் சேராவிட்டால் விலை விழுந்துவிடும். புனானை தாண்டியதும் பின்பக்க உள் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கிற இடம். ஜக்கை வைத்தால் மழை மண்ணுக்குள் இறங்கியது. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கக் கேட்க நெஞ்சு அடித்துக்கொண்டது.

எதிரே நெல் மூட்டையோடு வந்த நீங்கள்தான் நிறுத்தினீர்கள். "தம்பி, முதல்ல ஜக்குக்குக் கீழ பலகை வை" என்று உங்கள் பலகையையே கொண்டுவந்தீர்கள். அசையாத நட்டுகளை, ஸ்பனரில் நீளக் குழாய் மாட்டிக் கழற்றினீர்கள். நான் சில்லு மாற்றி முடியும்வரை காட்டுப் பக்கம் டோர்ச் அடித்துக்கொண்டே நின்றீர்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

"கொஞ்சத் தூரம் ஓடினதும் நட்டை இன்னொருக்கா இறுக்கு" என்றீர்களே, மன்னம்பிட்டியில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நட்டு தளர்ந்திருந்தன. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

மீன் நல்ல விலைக்குப் போனது. அவசரத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. மிக்க நன்றி நானா. உங்கள் பலகை என் லொறியில்தான் இருக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் வந்தால் கட்டாயம் விசாரியுங்கள்.