செயலமர்வு முடிந்த பிறகு யார் நிற்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சனநாயகத்தையும் மனித உரிமைகளையும் காப்பதில் சிவில் அமைப்புகளின் பங்கு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சேர்ந்திருந்து வாசித்தோம். எழுதியவர் பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் பேசப்பட்டவை எல்லாம் கொழும்பு அமைப்புகள். வன்னி, பயிற்சி கொடுக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் மட்டும் தலைகாட்டியது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுப் போராட வந்து இருந்தபோது அவர்களுக்கு ஒருவரும் செயலமர்வு வைத்திருக்கவில்லை. அந்த ஆண்டு சனவரிக் கடைசியில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியை விடச் சொல்லி விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகுட்டிகளோடு இருந்து, மார்ச் மாதம் அதற்குள் போனதும் அப்படித்தான். தாய்மாருக்கு இன்னும் பதில் இல்லை. பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

கொழும்பு அமைப்புகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும், தேர்தல் கண்காணிப்பு அமைப்பான பஃப்ரலும் போன்றவர்கள்தான் கொண்டு போனார்கள். எங்களால் அது முடியாது. (வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குத் தேர்தல் வைக்கச் சொல்லியும் யாராவது இதே மும்முரம் காட்டினால் நல்லது.)

எங்கள் குறை வேறு. ஓர் அமைப்பினர் ஊருக்கு வந்து, அரச அலுவலகங்களிடம் தகவல் கேட்டுப் பெற வழிசெய்யும் தகவலுக்கான உரிமைச் சட்டம் பற்றி ஒரு நாள் வகுப்பெடுத்தார்கள். பதாகை, படம், சாப்பாட்டுப் பார்சல், வரவுக் கையொப்பம். அதை நம்பி, எங்கள் குளக்கட்டுத் திருத்த வேலையின் மதிப்பீட்டைத் தரும்படி ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாட்கள் போனபின் வந்தது ஒரு கேள்வி: "ஏன் கேட்கிறீங்கள், ஆர் கேக்கச் சொன்னது?" காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. மேன்முறையீடு எழுதுவதற்கு வகுப்பெடுத்தவர்களைத் தேடினோம். திட்டம் முடிந்துவிட்டதாம். கடைசியில் ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் எழுதித் தந்தார். வந்த மதிப்பீட்டில் கட்டின் உட்பக்கத்துக்குக் கல் அடுக்குவதும் இருந்தது. கட்டில் ஒரு கல்லும் இல்லை. அந்தத் தாளோடு கமக்காரர் அமைப்பு போய் நின்ற பிறகுதான் கல் வந்து இறங்கியது.

இன்னொன்றையும் அந்த ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தோம். தனி ஆள்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம். கூட்டம் வைத்தால் "யார் வந்தது, என்ன கதைச்சது" என்று தொலைபேசி வருகிற ஊரில், தன் பெயரைப் போட்டு ஒப்பமிட எந்தப் பெண் துணிவாள்? வகுப்பில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட கேள்விக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துப் போனவர்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்த சனத்துக்கு இது சின்ன விசயமா?

உதவி நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ, பஸ் வந்து போகிற இடமாகப் பார்த்து, கிழமைக்கு ஒரு நாள் ஒருவரை இருத்துங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும். விண்ணப்பம் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு வரை போனாலும் முடிவு வரும்வரை அவரே பார்க்க வேண்டும். திட்ட அறிக்கையில் வகுப்புக்கு வந்தவர்களின் தொகையைப் போடும் இடத்தில், கிடைத்த பதில்களின் தொகையைப் போடுங்கள்.

ஒரு வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி.