கள ஆய்வுக்குப் போனால் விடுப்பா?

கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கள ஆய்வுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு இனி ஓ.டி. (வெளியே போன நாளையும் பணி நாளாகவே கணக்கிடும் 'ஆன் டியூட்டி') கிடையாது என்ற சுற்றறிக்கை கிடைத்தது. 'பணியிடத்தில் ஊக்கமும் தலைமையும்' பற்றிச் சக ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்ததும் அதே வாரம்தான். சனிக்கிழமை, வருகை கட்டாயம். ஊக்கத்தைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கலாம் என்று இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மேற்பார்வையாளர் நடத்தும் விதத்தால் தொழிலாளரின் வேலை ஆர்வம் எப்படி மாறுகிறது என்பதை அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் ஆராய்கிறேன். தாங்கள் அறிந்ததே. அங்கே முதல் ஷிப்ட் விடுவது மதியம் 2 மணிக்கு. கை கழுவிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவதற்குள், கேட் ஓர டீக்கடையில்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். உள்ளே ஹெச்.ஆர். பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாக் கேள்விக்கும் 'முழுத் திருப்தி'தான் டிக் ஆகும். 2 மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் ஒரு மணிக்கே கல்லூரியை விட்டுக் கிளம்ப வேண்டும். மாலைக் கைரேகை விழாது. அரை நாள் சம்பளம் போகும். "சார், இதுக்கு வர உங்களுக்கு பெர்மிஷன் குடுத்தாங்களா?" என்று ஒரு லேத் ஆபரேட்டர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். கள ஆய்வு நாளை ஓ.டி.யாகக் கணக்கிட்டிருந்தால் அந்தச் சிரிப்புக்கு வேலையில்லை.

ஆனால் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீடு வரும்போது மட்டும், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற கட்டுரைகளின் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். கூகுள் ஃபார்மை மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதையே 'தொழிலாளர் கருத்து' என்று எழுதும் வழியும் இருக்கிறது. அப்படி எழுதிய ஆய்வேடுகளைத் தேர்வாளராகப் படித்து நொந்தவன் நான்.

சனிக்கிழமை வகுப்பில், வேலை ஊக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கைத் தவிர்க்க முடியாது. பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு அவர் குழு 1959இல் வெளியிட்ட முடிவில், வேலையில் வெறுப்பூட்டும் காரணங்களில் முன்னே நின்றது நிறுவனத்தின் கொள்கையும் நிர்வாகமும். சம்பளம் அதற்குப் பின்னால்தான். முன்வரிசையில் தாங்கள் அமர்ந்திருக்க, அந்த ஸ்லைடில் எவ்வளவு நேரம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான்: கள ஆய்வு நாளை ஓ.டி.யாகக் கணக்கிடுங்கள். போன இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறோம், துறைத்தலைவர் சரிபார்க்கட்டும். அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் சுற்றறிக்கையைத் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேலாண்மைத் துறை ஆசிரியர் ஒருவர்,
சென்னை