மேஜர் சரவணன் நினைவு நாள்: உடன் நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கார்கில் போரின்போது, 1999ஆம் ஆண்டு மே 29 அன்று, படாலிக் பகுதியில் தமது 26ஆம் வயதில் வீரமரணம் எய்திய மேஜர் மாரியப்பன் சரவணனுக்குத் திருச்சி கன்டோன்மென்ட்டில் உள்ள நினைவிடத்தில் நாங்கள் நடத்திய நினைவு நாள் நிகழ்வு பலருடைய உழைப்பால் நிறைவேறியது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதே முறை. அது இயலாததால் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, எங்கள் அழைப்பை ஏற்றுப் பேச வந்த முன்னாள் ராணுவத்தினருக்கு உரியது. மேஜர் சரவணன் பிகார் படைப்பிரிவின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர் என்பதும், மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது என்பதும் நம் ஊரில் பலருக்குத் தெரியும். ஆனால் 14,000 அடிக்கு மேல், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஆக்சிஜனே கிடைக்கும் உயரத்தில், ஆயுதமும் தோட்டாக்களும் சுமந்துகொண்டு, மேலே பதுங்கு அரண்களில் இருந்து சுடுபவர்களை நோக்கி இருட்டில் ஏறுவது எத்தகையது என்பதை, அத்தகைய மலைகளில் பணியாற்றியவர்கள் சொல்லும்போதுதான் மனம் உள்வாங்குகிறது. கடும் எறிகணை வீச்சுக்கு நடுவே அவர் ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் அரணைத் தாக்கியதையும், சிதறல்கள் பட்டுக் காயமுற்ற பிறகும் பின்வாங்காமல் போரிட்டு உயிர் நீத்ததையும் அவர்கள் மிகையின்றி எடுத்துரைத்தார்கள். உரத்த முழக்கங்களைவிட அந்த நிதானமான பேச்சே கூட்டத்தைக் கட்டிப்போட்டது என்பது எங்கள் கருத்து.

போர் தொடங்கிய காலத்திலேயே நடந்த தாக்குதல் அது. மலைமுகடுகளில் ஊடுருவியவர்களின் எண்ணிக்கையும் அரண்களின் வலிமையும் முழுமையாகத் தெரியவராத அந்நாட்களில், காலாட்படையினர் ஏறிச் சென்றுதான் அவற்றை அறிய வேண்டியிருந்தது. மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதே நாளில் அதே பட்டாலியனில் போரிட்டு மடிந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவுக்கும் வீர் சக்ரா வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு அதிகாரி ஒருவரும் பிகார் மாநிலத்து வீரர் ஒருவரும் ஒரே மலைச்சரிவில் உயிர் கொடுத்திருக்க, ஒருவரை மட்டும் நினைவுகூர்வது குறையாகும் என்று எடுத்துச் சொல்லி, கணேஷ் பிரசாத்தின் படத்தையும் அருகில் வைக்கச் செய்த ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா அவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். இனி வரும் ஆண்டுகளிலும் இரு படங்களும் சேர்ந்தே இடம்பெறும்.

முந்தைய நாள் மாலையே நினைவிடத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்த தூய்மைப் பணியாளர்களுக்கும், கத்திரி முடிந்தும் தணியாத வெயிலில் அணிவகுத்து நின்ற தேசிய மாணவர் படையினருக்கும், அவர்களுக்குப் பந்தலும் நீர்மோரும் தந்த கடைக்காரர்களுக்கும், மாலைக்குப் பணம் வாங்க மறுத்துவிட்ட பூக்கடை அம்மாவுக்கும் எங்கள் நன்றி. போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய காவலர்களையும் மறக்கவில்லை.

மேஜர் சரவணனின் வாழ்க்கைக் குறிப்பைப் பிழை நீக்கித் தொகுத்த கல்லூரி மாணவியருக்குத் தனி நன்றி. ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்து, 1995இல் பணியில் சேர்ந்து, நான்கே ஆண்டுகளில் முடிந்துபோன ஒரு வாழ்வை, ஊதிப் பெருக்காமல் நான்கு பக்கங்களில் எழுதுவது எளிதன்று. எழுதி முடித்ததும் அதை மூத்த வீரர்களிடம் காட்டி, உறுதி செய்ய முடியாத செய்திகளை அவர்களே நீக்கினார்கள்.

அக்குறிப்பேட்டின் எஞ்சிய படிகளைப் பள்ளி நூலகங்களுக்கு வழங்க இருக்கிறோம். வேண்டும் பள்ளிகள் தெரிவித்தால் அனுப்பி வைப்போம். கண்காட்சிக்குப் பழைய நாளிதழ்களையும் படங்களையும் இரவல் தந்தவர்களிடம் அவற்றை இவ்வார இறுதிக்குள் பத்திரமாகத் திருப்பி ஒப்படைப்போம்.

நன்றியுடன்,
நினைவு நாள் ஏற்பாட்டுக் குழுவினர்,
திருச்சிராப்பள்ளி.