பள்ளி மாறி வரும் மாணவனின் கோப்பை யார் படிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அடிதடி, மிரட்டல் போன்றவற்றுக்காக ஒரு பள்ளியில் நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களை வேறு பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவே கூடாது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் ஒரு பள்ளி கதவைச் சாத்தினால் அந்தப் பையன் அடுத்த பள்ளிக்குப் போவான். அங்கும் சாத்தினால் யார் கண்ணிலும் படாமல் வீட்டில் கிடப்பான். இதில் யாருக்குப் பாதுகாப்பு? சேர்த்த பிறகு யார், என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் முதலில் விதி வேண்டும்.

மாணவர் சேர்க்கைப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். பழைய பள்ளிக்குத் தொல்லை விட்டால் போதும். நடத்தையைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். பெற்றோரும் வாய் திறப்பதில்லை, சொன்னால் இடம் கிடைக்காதே. கடைசியில் விஷயம் ஆசிரியர் அறை வதந்தியாக, பாதி பொய் கலந்து வந்து சேரும். அந்தரங்கம் காக்க வேண்டும், அதனால் சொல்லவில்லை என்பது வெறும் சாக்கு. அமெரிக்காவில் 1974இல் வந்த மாணவர் பதிவேட்டு அந்தரங்கச் சட்டமே, மாணவன் சேரப்போகும் பள்ளிக்கு ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமலேயே அனுப்ப இடம் தருகிறது.

சரி, அந்தப் பதிவுகள் அடங்கிய கோப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2023 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரிலுள்ள ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைப் பாருங்கள். வேறு மாவட்டப் பள்ளியில் நடவடிக்கைக்கு ஆளாகி வந்த 17 வயது மாணவன் அவன். அவனுக்குப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது. தினமும் உடற்சோதனை செய்த பிறகே வகுப்புக்கு அனுப்ப வேண்டும். அன்று சோதனை செய்த நிர்வாகிகள் இருவரையும் அவன் சுட்டுவிட்டு ஓடினான். அவர்கள் பிழைத்தார்கள். அவன் அன்றிரவு பிணமாகக் கிடைத்தான். தினமும் ஆயுதம் தேட வேண்டிய நிலையில் ஒரு மாணவன் இருந்தால், அந்த வேலையைப் பள்ளி நிர்வாகிகள் தலையில் கட்டுவது என்ன திட்டம்? அப்படிப்பட்டவனுக்கு, மதிப்பீடு முடியும்வரை தனி வகுப்போ இணையவழிப் பாடமோதான் பொருத்தம். சேர்க்கை வேண்டும் என்று வாதாடும் நானே இதையும் சொல்கிறேன்.

அதே சமயம், வாக்குவாதத்தில் நாற்காலியைத் தள்ளியவனையும் ஆயுதம் கொண்டுவந்தவனையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது. 2008 முதல் 2017 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை அந்நாட்டு அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரகசியச் சேவைத் துறை (Secret Service) ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. தாக்கியவர்கள் எல்லோரிடமும் கவலைதரும் நடத்தை முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் இப்படிப்பட்டவன்தான் தாக்குவான் என்று அடையாளம் காட்டும் பொதுவான குணச்சித்திரம் எதுவும் இல்லை என்றும் அதே துறை சொல்கிறது. அதனால் பழைய தண்டனைகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இப்போது அவன் என்ன பேசுகிறான், யாரோடு பகை, வீட்டில் என்ன நிலைமை என்று பார்ப்பதே பயன்படும்.

முதல் வகுப்புக்கு முன்பே பழைய பள்ளியின் ஆலோசகரோடு பேசியிருக்க வேண்டும். கோப்பைத் தலைமை ஆசிரியர், ஆலோசகர், வகுப்பாசிரியர் தவிர வேறு யாரும் படிக்க வேண்டியதில்லை. மாணவன் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பேசக்கூடிய ஒரு பெரியவர் யார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது பற்றி எப்போது முடிவெடுப்பது என்று சேரும் நாளிலேயே தேதி குறித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அவை நிரந்தரமாகிவிடும்.

ஆலோசகர் பணியிடமே காலியாக இருக்கும் பள்ளியில் இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த இடத்தை நிரப்பாமல் மேலும் மேலும் கேமரா வாங்கிக்கொண்டிருக்கும் நிர்வாகங்களிடம் அதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர்