நேர்காணலை எங்கள் கரையில் நடத்துங்கள்

தமிழ்நாட்டுக் கட்சித் தலைமைகள் அனைத்துக்கும் பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே,

வணக்கம். தேர்தல் நெருங்கும்போது விருப்ப மனு வாங்குகிறீர்கள். ராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர், பரமக்குடி என்று எங்கள் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளுக்கும் பணம் கட்டி மனுக் கொடுக்க, இங்கிருந்து ஆதரவாளர்களோடு சென்னைக்கு வண்டி கட்டுகிறார்கள். நேர்காணல் உங்கள் தலைமை அலுவலகத்தில் கதவு சாத்தி நடக்கிறது. எந்தச் சமூகம், எவ்வளவு செலவழிக்க முடியும், கூட்டணிக்குப் போகிற தொகுதியா என்பதெல்லாம் அங்கே பேசப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். கடலைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டதாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பட்டியல் வெளியாகும் அன்றுதான் எங்கள் வேட்பாளர் யாரென்று எங்களுக்கே தெரிகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த நேர்காணலை எங்கள் கரையில், எங்கள் கண்முன்னால் நடத்துங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு வேண்டாம். அதற்கு ஓராண்டு முன்பே, சீட்டுக் கேட்கும் ஆசை உள்ளவர்கள் எல்லாரும் வரட்டும்.

இது நடக்காத காரியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பெரிய தலைகள் அறைக்குள் கூடித்தான் அதிபர் வேட்பாளரை முடிவு செய்தார்கள். 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல் ஒன்றில்கூடப் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் போராட்டமும் தடியடியும் நடந்தன. கட்சிக்குள் எழுந்த கொதிப்பில் விதிகளையே மாற்றினார்கள். 1972 முதல் யார் வேட்பாளர் என்பதைப் பெரும்பாலும் மாநில வாரியாக வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். அதனால்தான் அங்கே அதிபர் தேர்தலுக்கு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு முன்பே “நானும் களத்தில் இருக்கிறேன்” என்று ஆட்கள் கிளம்புகிறார்கள். 2016-க்குக் குடியரசுக் கட்சியில் 17 பேர், 2020-க்கு ஜனநாயகக் கட்சியில் இருபதுக்கும் மேல்.

வேட்பாளர் தேர்வின் முதல் சுற்று அங்கே நடந்ததால் அவர்கள் முதலில் ஓடிய ஊர் அயோவா. சுமார் 32 லட்சம் பேர் வாழும் விவசாய மாநிலம். 1976 தேர்தலுக்கு ஜிம்மி கார்ட்டர் அங்கே போனபோது அவரை அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. ஆதரவாளர் வீடுகளில் தங்கி, சின்னச் சின்னக் கூட்டங்களில் பேசியே மேலே வந்தார், கடைசியில் அதிபரும் ஆனார். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பற்றித் தன் நிலை என்ன என்று சொல்லாமல் அயோவாவைத் தாண்டுவது எந்த ஆளுக்கும் கடினம். ஒரு விவசாயியின் விளைச்சல் பிரச்சினை நாட்டின் தலைமைக்கு வருபவரின் வாயில் வந்தே தீர வேண்டும். என்னை ஏங்க வைப்பது அந்த ஒன்றுதான்.

குறை அங்கேயும் உண்டு. பணம் தண்ணீராய் ஓடுகிறது. நம் தமிழ்நாட்டு வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரிலேயே நிதி இல்லையென்று விலகினார். அதே ஹாரிஸ் 2024-இல் அன்றைய அதிபர் பைடன் போட்டியிலிருந்து ஒதுங்கியதும் அப்படியொரு போட்டி இல்லாமலே வேட்பாளரானார், அதை அங்கே பலர் கேள்வி கேட்டார்கள். கேட்க ஒரு முறை இருந்ததால் கேட்டார்கள். எங்களுக்கு அந்த முறையே இல்லை.

2024 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். மார்ச் 27 மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் இந்த நீண்ட கடற்கரையில் ஒரு வேட்பாளர் எத்தனை குப்பத்துக்குள் கால் வைக்க முடியும்? எங்கள் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் நின்றார். அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போனது. கச்சத்தீவும் மேடைதோறும் முழங்கியது. 1974, 1976 ஒப்பந்தங்களில் தீவை இலங்கைக்கு யார் கொடுத்தார், யார் தடுக்கவில்லை என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டினீர்கள். தீவு திரும்பி வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் விசைப்படகுகள் இறாலைத் தேடிப் போய்ப் பிடிபடும் இடங்களில் பல அந்தத் தீவையும் தாண்டி இருக்கின்றன. அதற்கு என்ன பதில் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சீட்டுக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி வலையை என்ன செய்யப் போகிறீர்கள்? இலங்கை 2017-இல் அதைத் தடை செய்துவிட்டது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. ராமேஸ்வரத்தில் மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிப் போகும் படகு திரும்புமா என்று வீட்டில் உள்ளவர்கள் விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் இழுவைமடியால் அக்கரையில் வலை கிழிந்து நிற்பவரும் தமிழர்தான், யாழ்ப்பாணத்துக்காரரும் மன்னார்க்காரரும்தான். 2017-இல் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம், மீதி கடனும் கைப்பணமும். பாக் நீரிணையின் ஆழமில்லாக் கடலில் ஒரு நாளில் போய் வந்து பழகியவர்கள், சூரை மீனுக்காகப் பல நாள் நடுக்கடலில் தங்கும் தொழிலுக்கு எப்படி மாறுவார்கள்? கடன் தவணையை யார் தாங்குவது? படகில் கூலிக்குப் போகிறவருக்கு என்ன வழி? இதற்கு மூன்று வாரத்தில் மனப்பாடம் செய்து பதில் சொல்ல முடியாது. ஓராண்டு இங்கே நடமாடினால் சொல்ல முடியும்.

பாசி எடுக்கும் பெண்களையும் அவர்கள் பார்க்க வேண்டும். பாறையும் சிப்பியும் கீறாமல் இருக்க விரல்விரலாகத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. காக்கப்பட வேண்டிய கடல்தான், எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தலைமுறையாய் அங்கே முங்கிப் பிழைப்பவர் வனத்துறையைக் கண்டு பயந்து பயந்து தொழில் செய்வது சரியா என்று அந்தப் பெண்கள் நேருக்கு நேர் கேட்க ஓர் இடம் வேண்டும். ஆரத்தித் தட்டு ஏந்தி நிற்கும்போது அதைக் கேட்க முடியாது.

ஆளை முன்கூட்டியே காட்டினால் கட்சிக்குள் கோஷ்டி பெருகும் என்பீர்கள். கோஷ்டி இப்போதும் இருக்கிறது, சுவரொட்டியில் எல்லாரும் பார்க்கிறோம். கூட்டணி முடிவாகாமல் தொகுதியை எப்படிச் சொல்வது என்பீர்கள். கூட்டணிக் கட்சியின் ஆட்களும் சேர்ந்தே வரட்டும். முடிவெடுக்கும் உரிமையை உங்களிடமிருந்து நான் பறிக்கவில்லை. இவர்தான் எங்கள் கட்சி வேட்பாளர் என்று தேர்தல் அதிகாரிக்குச் சொல்லும் பி படிவத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்தான். போடுமுன் அவர்கள் எங்களுக்குச் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒரே நாளில் முடித்துவிட வேண்டாம். விசைப்படகும் நாட்டுப்படகும் முறைவைத்து நாள் மாற்றிப் போகிற கடல் இது. எந்த நாள் வைத்தாலும் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். அதனால் இரண்டு நாள் வையுங்கள், ஒன்று ராமேஸ்வரம் துறைமுகத்தருகே, இன்னொன்று மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் எங்காவது. வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்மா முடிந்து ஆரம்பியுங்கள். பெண்கள் பேசும்போது ஒலிவாங்கியைக் கட்சிக்காரர் கையில் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாம்பன் வாக்காளர் ஒருவர்