பீட்டருக்கு ஏன் யாருமே இல்லை?

அன்புள்ள தம்பிக்கு,

நீ பார்க்கச் சொன்ன ‘பீட்டர்ஸ் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தை நேற்று ராத்திரி பார்த்துவிட்டேன். பேச்சு சரியாகப் பிடிபடாத இடங்களில் நிறுத்தி, திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தேன்.

1992-ல் வந்த படமாம். கல்லூரியில் ஒன்றாக மேடையேறியவர்கள் பத்து வருஷம் கழித்து, புத்தாண்டுக்கு பீட்டரின் பெரிய வீட்டில் கூடுகிறார்கள். மேரி என்று ஒருத்தி, இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைப் பறிகொடுத்தவள். வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையை நினைத்து நினைத்துப் போன் போடுகிறாள். அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோழர்களில் சாரா ஒருத்திதான் கறுப்பினப் பெண். ஆனால் அவளுடைய காதல் விவகாரங்களைத் தாண்டி அவளைப் பற்றிப் பெரிதாக எதுவும் காட்டவில்லை. அது எனக்குக் குறையாகத்தான் பட்டது.

அப்புறம் பீட்டர். அந்தக் கூட்டத்துத் தோழி மேகி அவன் அறைக்கே போய் ஆசையைச் சொல்கிறாள். அவன் மனம் நோகாமல் மறுத்துவிடுகிறான். மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சண்டை போடவாவது ஒரு துணை இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் விரும்பிய பீட்டருக்கு மட்டும் படம் முழுக்க யாருமே இல்லை. கடைசியில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்கிறான். அவன் யார் என்பதையும் அவன் நோயையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். போன தை மாசம், “எனக்குப் பெண் பார்க்காதீங்கம்மா, எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்” என்று நீ சொன்னபோது நான் முதலில் கேட்டது, “உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று. நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டறிந்தது 1986-ல், நம் சென்னையில்தான். அப்போது நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். படுக்கை விரிப்பை மாற்றக்கூடக் கை நடுங்கும். 1996-க்கு மேல் கூட்டு மருந்துகள் வந்து எத்தனையோ பேர் பிழைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் அந்தப் பழைய பயம்தான் அன்றைக்கு முந்திக்கொண்டு பேசியது. நீ உன்னைப் பற்றிச் சொன்னாய், நான் வியாதியைப் பற்றிக் கேட்டேன். மன்னித்துவிடு கண்ணா.

பீட்டராக நடித்த ஸ்டீபன் ஃப்ரை 2015-ல் தன் காதலரைக் கல்யாணம் செய்துகொண்டாராம். படித்ததும் மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உனக்கென்று யாராவது இருக்கிறார்களா? ராத்திரி யாரோடு சாப்பிடுகிறாய்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
அம்மா